ரெண்டாவது வண்டி

அந்தக் கம்பியக் கழட்டிரலாமுங்களான்னு கேட்டீங்க பாருங்க தம்பி, அதுக்குத்தான் பதில் சொல்லாம நின்னுட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க. வாங்க, இந்தச் சேர்ல உக்காருங்க. சாவி இங்கதான் இருக்குது. எத்தனை தூரம் வேணும்னாலும் ஓட்டிப் பாருங்க, நான் வேண்டாங்கலை. ஆனா ஓட்டறதுக்கு முந்தி, இந்த வண்டிய எதுக்கு விக்கறேன்னு நான் சொல்லோணும், நீங்க கேக்கோணும். அது எம்பட ஊட்டுக்காரம்மா போட்ட கண்டிசனுங்க. அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கறா, அரைப் பரிச்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு. நாம பேசறது அங்க நல்லாக் கேக்கும்.

எம்பட பேரு ஈஸ்வரமூர்த்தி, அது விளம்பரத்துலயே பாத்திருப்பீங்க. வேலை என்னன்னு அதுல போடலை. மோட்டார் சர்வேயருங்க, இருபத்திமூணு வருசமா. வண்டி அடிபட்டா இன்சூரன்ஸ்காரங்க என்னைத்தான் அனுப்புவாங்க. போய்ப் பாத்து, போட்டோ எடுத்து, எதனால நடந்துச்சுன்னு ரிப்போர்ட் எழுதிக் குடுக்கறது. கோபி, சத்தி, அந்தியூர் சுத்துவட்டாரத்துல எந்த வளைவுல எத்தனை வண்டி உழுந்திருக்குதுன்னு என்னைக் கேட்டாத் தெரியும். இதை எதுக்குச் சொல்றேன்னா, வெவரம் தெரியாதவன் பண்ணுன தப்பு இல்லைன்னு நீங்க மொதல்லயே தெரிஞ்சுக்கோணும்.

மொத வண்டி அந்தா, செட்டுக்குள்ள நிக்குது பாருங்க. பன்னெண்டு வருசமாச்சு. வேலைக்குப் போறது, கறிகாய் வாங்கறது, பொண்ணைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் உட்டது, எல்லாம் அதுலதான். ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. போன வருசம் ஐப்பசியில கடம்பூர் மலையில ஒரு பிக்கப் கவுந்துருச்சுன்னு போனேன். மழை பேஞ்சு பாதை பூராச் சேறு. அந்த வண்டிய ஓரமா நிறுத்திட்டு, செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு மூணு மைல் நடந்தனுங்க. அப்ப ரெண்டு பேரு இந்த மாதிரி உசரமான வண்டியில என்னைத் தாண்டிப் போனாங்க. சீட்டுல உக்காரக்கூட இல்லை, ஃபுட்ரெஸ்ட் மேல எந்திரிச்சு நின்னுக்கிட்டே போறாங்க. கல்லு, குழி, ஓடைத்தண்ணி, ஒண்ணுக்கும் நிக்கலை. நான் சேத்துக்குள்ள நின்னு அவங்க போறதையே பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு நாப்பத்தெட்டு வயசு தம்பி. சிரிக்கறதுன்னா சிரிச்சுக்குங்க, நானே சிரிச்சிருக்கறேன்.

அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சாப்பிடறப்ப சொன்னேன், நம்மூட்டுக்கு ரெண்டாவது வண்டி ஒண்ணு வாங்கோணும்னு. இந்த வார்த்தைதானுங்க, மாத்திச் சொல்லலை. நம்மூட்டுக்கு ரெண்டாவது வண்டி. சாந்தாமணி, அதான் ஊட்டுக்காரம்மா பேரு, கையில இருந்த கரண்டிய அப்பிடியே வெச்சுட்டு, வாங்கலாமுங்கன்னா. உடனே சொன்னா. மூஞ்சியெல்லாம் சந்தோசம். பரவால்ல, நம்ம ஆசை அவளுக்கும் புரியுதேன்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

அதுக்கப்பறம் எட்டு மாசம் தேடுனனுங்க. பொண்ணு பாக்கறவன்கூட அத்தனை ஊரு போயிருக்க மாட்டான். ஈரோடு, கோயமுத்தூர், சேலம் வரைக்கும் போய் ஷோரூம் ஷோரூமா ஏறி எறங்குனேன். ஒரு நோட்டுப் போட்டு எழுதுனேன். எது எத்தனை எடை, தரைக்கும் எஞ்சினுக்கும் நடுவுல எத்தனை எடைவெளி, முன்சக்கரம் பத்தொம்போது இஞ்சா இருபத்தொண்ணா, மண்ணுல போறப்ப பின்பிரேக் ஏபிஎஸ்ஸ அணைக்க முடியுமா. தார்ரோட்டுலயும் ஓடோணும், மண்ணுலயும் ஓடோணும், ரெண்டுக்கும் சரியா வர்ற வண்டி லேசுல அமையாதுங்க. ரோட்டுக்கு நல்லா இருந்தா மண்ணுல படுத்துக்கும். மண்ணுக்கு நல்லா இருந்தா ரோட்டுல முதுகு ஒடைஞ்சுரும். சக்கரத்துக்கு மட்டும் ஒரு மாசம் யோசிச்சேன், அலாய் வீலா, ஸ்போக்ஸ் கம்பியான்னு. கல்லுல இடிச்சா அலாய் வெடிச்சுரும், ஸ்போக்ஸ் வளைஞ்சு குடுக்கும்னாங்க. அதனால ஸ்போக்ஸ்.

அப்பறம் சீட்டு உசரம். நான் அஞ்சடி நாலு அங்குலந்தானுங்க. இந்த வண்டியில உக்காந்தா ரெண்டு கால்லயும் கட்டைவெரல் மட்டுந்தான் நெலத்தைத் தொடும். ஷோரூம்ல இருந்த பையன், சார் உங்களுக்கு வேற வண்டி காட்டட்டுங்களான்னு கேட்டான். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நேரா சந்தைக் கடை வீதியில செருப்புத் தெக்கறவர்கிட்டப் போய் ஷூவுக்கு அடியில ஒரு அங்குலம் ரப்பர் சோல் வெச்சுத் தெச்சுக்கிட்டேன். அந்த ஷூவப் போட்டுக்கிட்டு மறுபடி அதே ஷோரூமுக்குப் போனனுங்க. எம்பட கால் எட்டோணுங்கறதுக்கு அத்தனை யோசனை பண்ணியிருக்கறேன் பாருங்க.

தேடுனதையெல்லாம் சாப்பிடறப்ப சாந்தாமணிகிட்டச் சொல்லுவேன். அவ கேட்டுக்கிட்டே சோறு போடுவா. எட்டு மாசத்துல ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. பின்னாடி சீட்டு எம்புட்டு உசரமுங்கன்னா. நோட்டைப் பொரட்டிப் பாத்தேன். ஓட்டறவன் சீட்டுக்கு எல்லா வண்டிக்கும் அளவு எழுதி வெச்சிருக்கறேன். பின்சீட்டுக்கு ஒண்ணுக்குக்கூட எழுதலை. அதெல்லாம் கம்பெனிக்காரன் போட்டிருக்க மாட்டான்னு சொல்லிட்டு மேல சாப்பிட்டேன். அவளும் வண்டி வெசயத்துல கொஞ்சம் ஆர்வமாத்தான் இருக்கறான்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்.

ஆனி மாசம் வண்டி வந்துச்சு. ஆடிக்கு முந்தி எடுத்துரோணும்னு எடுத்தேன். பாரியூர் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டோம். பொட்டு வெச்சு, மாலை போட்டு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. பூசாரி, அம்மணியும் ஏறி உக்காந்துக்கட்டும், ஒரு சுத்துச் சுத்திட்டு வாங்கன்னாரு. அப்பிடித்தானுங்களே வழக்கம். சாந்தாமணி ஏறப் பாத்தா. சேலையோட ஏற முடியலை, கால் எட்டலை. ரெண்டு தடவை எகிறிப் பாத்தா. சுத்தி நின்னவங்க பாக்கறாங்க. அப்பறம் சிரிச்சுக்கிட்டே எறங்கி, நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே நிக்கறேன்னா. எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னா, அப்பாடான்னு இருந்துச்சு. நெசத்தைச் சொல்லோணும்னுதானே உக்காந்திருக்கறேன். அப்பாடான்னுதான் இருந்துச்சுங்க.

அப்பறம் கூட ஓட்டறதுக்குச் சேத்துக்காரங்க கெடைச்சாங்க. பல் டாக்டரு நவநீதன்னு ஒருத்தரு, அவரோட இன்னும் ஏழெட்டுப் பேரு. எல்லாருகிட்டயும் இந்த ரக வண்டிதான். ஞாயித்துக்கிழமையானா விடியறப்ப மலையேறிப் போய்ட்டு, திரும்பி வந்து கவுந்தப்பாடி ரோட்டுல ஒரு பேக்கரியில டீ குடிப்போம். மொத நாள் அங்க எல்லா வண்டியும் வரிசையா நின்னப்ப பாத்தேன். என்னோடதுல மட்டுந்தான் சாரி கார்டு இருந்துச்சு. ஆமாங்க, நீங்க கேட்ட அதே கம்பிதான். பின்னாடி உக்கார்ற பொம்பளைங்க சேலையும் காலும் சக்கரத்துல சிக்காம இருக்கறதுக்குப் போட்டது. சட்டப்படி இருக்கோணும். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லலை தம்பி. டாக்டரும் சொல்லலை. எனக்கேதான் அது ஒரு மாதிரி இருந்துச்சு, மலைக்கு வந்தவன் கையில கறிகாய்ப் பை இருக்கற மாதிரி.

மெக்கானிக் பாபுகிட்டப் போனேன். அவன், அக்கா உக்காருவாங்களேண்ணா, வேண்டாமுங்கண்ணான்னு சொல்லிட்டான். நானே ஊட்டுக்கு வந்து ஸ்பேனர் எடுத்துக் கழட்டுனேன். மூணு போல்ட்டு. அஞ்சு நிமிசங்கூட ஆகலை. கழட்டிப் பாத்தா வண்டி என்ன அழகா இருந்துச்சுங்கறீங்க. இப்ப நீங்க குனிஞ்சு பாத்துட்டுக் கேட்டீங்களே, அதே எடத்துல குனிஞ்சுதான் நானும் பாத்தேன்.

நான் சர்வேயருன்னு சொன்னனில்லைங்களா. சேலை சிக்குன கேஸுன்னு போனா, நான் மொதல்ல போட்டோ எடுக்கறது அந்தக் கம்பி இருந்த எடத்தைத்தான். இருந்துச்சா, கழட்டியிருக்குதான்னு. அத்தனை தெரிஞ்சவனுங்க நான்.

ஆவணியில, சாந்தாமணியோட பெரியப்பா பேத்தி பெரியவளாயிட்டான்னு கவுந்தப்பாடியில சீரு. ஞாயித்துக்கிழமை. கெளம்பறப்பப் பாத்தா பழைய வண்டி பஞ்சர். பஞ்சர் கடைக்காரன் பத்து மணிக்குத்தான் தொறப்பான். பஸ்ஸுல போயிரலாமுங்கன்னு சாந்தாமணி சொன்னா. ஊட்டுல வண்டிய நிறுத்தி வெச்சுக்கிட்டுப் பஸ்ஸுல போறதான்னு நான்தான் இதை எடுத்தேன். அந்தக் கேட்டுப் படிமேல ஏறி நின்னு, எம்பட தோளைப் புடிச்சுக்கிட்டு ஒருவழியா ஏறி உக்காந்தா. பட்டுச்சேலை. ஒருபக்கமாத்தான் உக்காரத் தெரியும் அவளுக்கு, ரெண்டு காலும் இந்தப் பக்கம். மடியில சீர்த்தட்டு. உக்காந்ததும் கீழ பாத்துட்டு, இங்க ஒரு கம்பி இருந்துச்சுங்களேன்னு கேட்டா. அது சும்மா கனந்தான், தேவையில்லைன்னு சொன்னேன். அவ முந்தானைய முன்னாடி கொண்டாந்து, இடுப்புல சுருட்டிச் சொருகி, கொசுவத்தை ஒரு கையில புடிச்சுக்கிட்டா. நான் கண்ணாடியில பாத்தேன். நல்லா ஞாபகம் இருக்குதுங்க, சரியாத்தான் சொருகியிருந்தா.

கவுந்தப்பாடி போறதுக்குள்ள, அந்த பேக்கரியத் தாண்டி ஒரு பத்தடி. பட்டுச்சேலைங்கறதால, காத்துல முந்தானை கொஞ்சம் கொஞ்சமா நழுவியிருக்கும்போல. சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் நடுவுல புடிச்சு இழுத்துருச்சு. ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணும் கேக்காதுன்னு உங்களுக்கே தெரியும் தம்பி, காத்து எரைச்சல் வேற. அவ உழுந்த சத்தந்தான் கேட்டுச்சு. தலை தப்பிச்சுது, ஹெல்மெட் போட்டிருந்தா. ஆனா இடது கால் ஸ்போக்ஸுக்குள்ள போயிருச்சு. குதிகாலு. கல்லுல இடிச்சா வளைஞ்சு குடுக்கும்னு ஒரு மாசம் யோசிச்சு எடுத்த அதே ஸ்போக்ஸு.

பேக்கரியில இருந்தவங்கதான் ஓடி வந்தாங்க, டாக்டரு நவநீதனும். அவருதான் சக்கரத்தைப் பின்னாடி உருட்டிக் காலை எடுத்தாரு. எப்பிடிங்க ஆச்சுன்னு கேட்டாரு. நான் சொன்னேன், சேலைய ஒழுங்காச் சொருகாம உக்காந்துட்டாங்க டாக்டருன்னு. யோசிச்சுச் சொல்லலை தம்பி. வாயில தயாரா இருந்துச்சு அது. இருபத்திமூணு வருசமா எழுதற வாக்கியந்தான், பின்னால் அமர்ந்திருந்தவரின் கவனக்குறைவு. அவரு வண்டிய ஒரு பார்வை பாத்தாரு, கம்பி இல்லாத எடத்தை. பாத்துட்டு ஆட்டோ கூப்புட்டாரு.

ஈரோட்டுல ஆஸ்பத்திரியில சேத்தோம். ஆதார் கார்டு கேட்டாங்கன்னு அவ பையத் தொறந்து தேடுனேன். பொம்பளைங்க பைக்குள்ள நாம எப்பங்க கை வெச்சிருக்கறோம். உள்ள ஒரு சின்ன ஜிப்பு. அதுக்குள்ள ஒரு பேப்பர், நாலா மடிச்சு, ஓரமெல்லாம் நைஞ்சு போய். பிரிச்சுப் பாத்தா எல்எல்ஆருங்க. வண்டி பழகறதுக்கு ஆர்டிஓவுல குடுப்பாங்களே, அது. அவ போட்டோ. அவ பேரு. கியர் இல்லாத வண்டிக்குன்னு போட்டிருக்குது. தேதியப் பாத்தேன். போன ஐப்பசி. நம்மூட்டுக்கு ரெண்டாவது வண்டி வாங்கோணும்னு நான் சொன்ன அதே வாரம்.

அவ பள்ளிக்கூடத்துக்கு மினிபஸ்ஸுல போறவ தம்பி. ஏழே காலுக்கு வரும், தவற உட்டா ரெண்டு மைல் நடை. பதினாறு வருசமா அப்பிடித்தான் போய்ட்டு வந்துக்கிட்டிருந்தா. ரெண்டாவது வண்டின்னதும் அவ ஸ்கூட்டருன்னு நெனச்சிருக்கறா. தானே பரிச்சை எழுதி எல்எல்ஆர் வாங்கி வெச்சுக்கிட்டு, வண்டி வந்தப்பறம் சொல்லலாம்னு பைக்குள்ள போட்டு வெச்சிருக்கறா. நான் தெனமும் சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து முன்சக்கரம் இருபத்தொண்ணு இஞ்சுன்னு சொல்லிக்கிட்டிருந்தப்ப எந்த நாள்ல அவளுக்குப் புரிஞ்சுதோ தெரியலை. எல்எல்ஆர் ஆறு மாசந்தானுங்க செல்லும். நான் வண்டி தேடி முடிக்கறதுக்குள்ள அது காலாவதியே ஆயிருச்சு.

அந்தப் பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு அந்த வராண்டாவுல நின்னேன். இதோட போகட்டும், இனி நெசத்தைச் சொல்லிரோணும்னு மனசுல நெனச்சேன். நெனச்சு முடிக்கறதுக்குள்ள எம்பட மச்சான் குழந்தைவேலு வந்துட்டாரு, சாந்தாமணிக்கு அண்ணன். சீரு ஊட்டுல இருந்து அப்பிடியே வந்திருக்கறாரு, சட்டையில சந்தனம் காயலை. எப்பிடிங்க மாப்ளைன்னாரு. நான் எல்எல்ஆரைச் சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு, சேலைய ஒழுங்காச் சொருகலைங்க மச்சான்னு சொன்னேன்.

அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை. மொதல்ல சொன்னது பதட்டத்துலன்னு வெச்சுக்கலாம். இது அப்பிடி இல்லை. அவரு நேரா உள்ள போனாரு. நானும் பின்னாலயே போனேன். கால் பூராக் கட்டுப் போட்டுப் படுத்திருக்கறவளைப் பாத்து, ஏம்மா, இத்தனை வருசமா வண்டியில போறே, சேலையச் சுருட்டி உக்காரத் தெரியாதா உனக்கு, மாப்ளை எப்பிடிப் பயந்து போய் நிக்கறாரு பாருன்னாரு. சாந்தாமணி அவரைப் பாக்கலை. என்னைப் பாத்தா. திட்டற பார்வையும் இல்லை, கெஞ்சற பார்வையும் இல்லை. நான் ஏதாச்சும் சொல்லுவனான்னு பாத்தா. நான் சொட்டுச் சொட்டா எறங்கற மருந்துப் பாட்டலையே பாத்துக்கிட்டு நின்னேன்.

அப்பறம் அவளே சொன்னா, ஆமாங்கண்ணா, நான் கவனிக்கலைன்னு.

அந்தப் பொய்ய அவ எடுத்துக்கிட்டா தம்பி. அதுக்கப்பறம் அது அவளுதாயிருச்சு. சொந்தக்காரங்க வந்தா அதைச் சொல்லியே புத்தி சொன்னாங்க. அவ பள்ளிக்கூடத்துல என்ன பண்ணுனாங்க தெரியுங்களா, ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா காலைப் பிரேயர்ல, வண்டியில வர்ற டீச்சருங்க முந்தானைய ஒழுங்காச் சொருகி உக்காரோணும், சாந்தாமணி டீச்சர் மாதிரி அஜாக்கிரதையா இருந்தரக் கூடாதுன்னு மைக்கில சொல்லியிருக்கறாங்க. அவ புள்ளைங்க முன்னாடி. இதை அவ எங்கிட்டச் சொல்லலை, வேற டீச்சர் பாக்க வந்தப்ப வெள்ளந்தியாச் சொல்லுச்சு. நான் அவங்களுக்குக் காப்பி குடுத்துக்கிட்டிருந்தேன்.

குதிகாலுக்குத் தொடையில இருந்து தோல் எடுத்து வெச்சாங்க. மூணு மாசம் லீவு. இப்பப் போறா, ஆனா நின்னு பாடம் எடுக்க முடியலை. கிளாஸ்ல சேர் போட்டுக் குடுத்திருக்கறாங்க. போர்டுல எழுத மட்டும் எந்திரிப்பா. காலையில நான்தான் அந்தப் பழைய வண்டியில கொண்டுபோய் உடறேன். ஸ்கூட்டர் வாங்கித் தர்றேன்னு மூணு தடவை சொல்லிட்டேன். இப்ப வேண்டாமுங்கங்கறா. கோபமாச் சொன்னாப் பரவால்ல, சாதாரணமாச் சொல்றா.

ரெண்டு வருசம் முந்தி நம்பியூர்ல ஒரு கேஸு. இதே மாதிரிதான், சேலை சிக்கி ஒரு பொம்பளைக்குக் கை ஒடைஞ்சுருச்சு. கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்தேன். அந்தப் பொம்பளை அங்கயேதான் கட்டில்ல உக்காந்திருந்துச்சு. அதுகிட்ட நான் ஒரு வார்த்தை கேக்கலைங்க. புருசங்காரன் வாசல்ல நின்னு சொன்னதை அப்பிடியே எழுதுனேன். இப்ப அந்தப் பக்கம் வேலை வந்தா வேற ஆளுக்குத் தள்ளி உட்டர்றேன்.

கார்த்திகையில விளம்பரம் போட்டேன். மொதல்ல சத்தியில இருந்து ஒருத்தர் வந்தாரு. ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலையே, எதுக்கு விக்கறீங்கன்னாரு. ஊட்டுல சேலையச் சரியாச் சொருகாம உழுந்துட்டாங்க, அதுல இருந்து இந்த வண்டியப் பாத்தாலே பயம்னு சொன்னேன். பழக்கந்தானே. அவரு வெலை ஒத்து வரலைன்னு போய்ட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம் சாந்தாமணி சொன்னா. உழுந்ததுல இருந்து அந்தப் பேச்சை அவ எடுத்தது அன்னைக்குத்தான்.

"விக்கறதுன்னா வித்துக்குங்க. வாங்க வர்றவங்ககிட்ட மட்டும் எப்பிடி நடந்துச்சுன்னு நெசத்தைச் சொல்லி வில்லுங்க. அவங்க பின்னாலயும் ஒருத்தி உக்காருவா."

இத்தனைதான். அழுகலை, சத்தம் போடலை. நான் சரின்னேன். அடுத்த நாள் பரண்ல கெடந்த அந்தக் கம்பியத் தேடி எடுத்து மாட்டுனேன். ரெண்டாவதா வந்த ஆளுகிட்டப் பாதி சொன்னேன், மீதிய முழுங்கிட்டேன். ஜன்னலுக்குள்ள பேப்பர் திருப்பற சத்தம் நின்னு போச்சு. அதுக்கப்பறம் நீங்கதான்.

மச்சான்கிட்டச் சொல்லிட்டீங்களான்னு கேக்காதீங்க. சொல்லோணும். தை பொறக்கட்டும்னு பாத்துக்கிட்டிருக்கறேன். அவரு ஒரு மாதிரி முன்கோபக்காரரு, மார்கழியில எதுக்கு மனஸ்தாபம்னு. உங்ககிட்டச் சொல்றது சுளுவா இருக்குதுங்க தம்பி, வண்டிய வாங்கிக்கிட்டுப் போயிருவீங்க, இல்லை வாங்காமப் போயிருவீங்க. பவானிக்காரரு, இனி எங்க பாக்கப் போறோம். பள்ளிக்கூடத்துலயும் சொல்லோணும். எப்பிடிச் சொல்றதுன்னுதான் தெரியலை, மைக்கு எங்கிட்ட இல்லையே.

வெக்கமா இருக்குதுங்க. இத்தனை வயசுக்கு மேல, நெசம் பேசறதுக்கு ஊட்டுக்காரம்மா காவலுக்கு உக்காந்திருக்க வேண்டியிருக்குது பாருங்க.

அத்தனைதானுங்க தம்பி. ஒண்ணும் மறைக்கலை. வண்டியில ஒரு கொறையும் இல்லை, எடுத்தவன்கிட்டத்தான் கொறை. கம்பிய நான் கழட்டித் தர மாட்டேன், ஊட்டுக்குப் போய் என்ன பண்ணுவீங்களோ உங்க இஷ்டம். எந்திரிங்க, சாவி இந்தாங்க. நான்னாக் கட்டைவெரல்லதான் நிக்கோணும். உங்களுக்கு உசரம் இருக்குது, சரியா இருக்கும்.

என்ன சாந்தா?

சொல்லு, கேக்குது.

உங்களுக்குக் கேட்டுச்சுங்களா தம்பி? ஒண்ணை உட்டுட்டனாமா. தோள்ல தட்டுனதைச் சொல்லலையாமா.

சித்த உக்காருங்க.

தட்டுனா. உழுகறதுக்கு முந்தி, ரெண்டு தடவை தட்டுனா. சேலை இழுக்குதுன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. எம்பட பேரை அவ சொல்லமாட்டா, இருபத்திரெண்டு வருசத்துல ஒரு நாள் சொன்னதில்லை. ஏனுங்கன்னுதான் கூப்புடுவா. அன்னைக்கும் அப்பிடித்தான். தட்டிட்டு, ஏனுங்கன்னா. மறுபடி தட்டிட்டு, ஏனுங்க, நிறுத்துங்கன்னா. அப்பத்தான் அந்த பேக்கரி கண்ணுக்குத் தெரியுது. வெளிய ஏழெட்டு வண்டி வரிசையா நிக்குது. டாக்டரு கையில டீ கிளாஸோட ரோட்டைப் பாத்து நிக்கறாரு. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, மடியில சீர்த்தட்டை வெச்சுக்கிட்டு ஒருபக்கமா உக்காந்திருக்கற பொண்டாட்டியோட அவங்க முன்னாடி போய் நிறுத்தோணுமேன்னு இருந்துச்சுங்க எனக்கு. தாண்டிப் போய் நிறுத்திக்கலாம்னு கொஞ்சம் வெசையாப் புடிச்சேன்.

ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணும் கேக்காதுன்னு அப்பச் சொன்னனில்லைங்களா. அவகிட்டயும் அப்பிடித்தான் சொல்லி வெச்சிருந்தேன், கேக்கலைன்னு.

கேட்டுச்சுங்க தம்பி. ரெண்டு தடவையும் கேட்டுச்சு.